இலவசம் வேறு, கட்டற்றது வேறு: ஆசிரியர் பயிற்சியின் கதை

பிரெஞ்சு மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. ‘கிராத்துயி’ என்றால் காசு கொடுக்காமல் கிடைப்பது. ‘லீப்ர்’ என்றால் யாருக்கும் கட்டுப்படாதது, சுதந்திரமானது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இந்த வேறுபாடு சிறு வயதிலேயே பதிந்துபோன ஒன்று. 1881-இல் ஜூல் ஃபெரி கொண்டுவந்த சட்டம் பிரான்சின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கட்டணத்தை நீக்கியது. அந்தப் பள்ளி ‘கிராத்துயி’. பாதிரிமார்கள் அரசு சாராமல் நடத்திய பள்ளிக்கு ‘எக்கோல் லீப்ர்’ என்று பெயர். அங்கே சம்பளம் கட்டித்தான் படிக்க வேண்டும்! ஒன்று காசில்லாதது, மற்றது கட்டில்லாதது. ஆங்கிலக்காரனுக்கு இரண்டுக்கும் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல்தான்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. இலவசம் என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேட்டி சேலையில் தொடங்கி மிக்சி, கிரைண்டர் வரை பார்த்துவிட்டோம். இன்னொன்றுக்குக் கணினித் துறை இளைஞர்கள் ‘கட்டற்ற’ என்ற நல்ல சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இந்தச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். கல்லூரி ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சிகள் பலவும் இப்போது இணைய வழிக்கு வந்துவிட்டன. ‘திறந்த கல்வி வளங்கள்’ என்று சொல்லப்படும் பாடங்களையும் காணொளிகளையும் கொண்டு அந்தப் பயிற்சிகளைக் கட்டுகிறார்கள். ஒரு பாடத்தை ஆக்கியவரே, ‘இதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், தேவைப்பட்டபடி மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம்’ என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் அது திறந்த வளம். இதை இலவசம் என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிதான் புரிந்ததாகும். மீதிப் பாதி புரியாவிட்டால் நம் ஊர்க் கல்லூரி ஆசிரியர் என்றைக்கும் வரிசையில் நின்று வாங்குகிறவராகவே இருந்துவிடுவார். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் ஆசிரியனாக இருந்தவன் இல்லை. அரசுக் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பேராசிரியர்கள் பயிற்சிக்குப் போகும்போது பணிவிடுவிப்பு ஆணை தட்டச்சு செய்ததும், அவர்கள் திரும்பி வந்ததும் பயணப்படிப் பட்டியலைச் சரிபார்த்ததும்தான் எனக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் உள்ள உறவு. கோப்புப் பக்கமிருந்து பார்த்தவன் சொல்லும் வரலாறு என்று இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எழும்பூர் மணலில் எழுதியது

கற்பிக்கும் முறையை ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்து மாற்றிக்கொள்வது கணினியோடு வந்த பழக்கம் அன்று. அதன் உலகப் புகழ்பெற்ற கதை ஒன்று சென்னையிலேயே நடந்திருக்கிறது.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்த ஆசிரியர்களின் பாடம் அவருக்குத் திருப்தி தரவில்லை. ஒரு நாள் வெளியே போகும் வழியில் ‘மலபார்’ பள்ளி ஒன்றைப் பார்த்தார். அந்தக் காலத்து ஆங்கிலேயர் தமிழரையும் மலபார் என்றே சொல்வார்கள். அங்கே பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தனர். நம் திண்ணைப் பள்ளிக்கூடம்தான். பெல் அதே முறையைத் தம் இல்லத்தில் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர்கள் மனம் ஒப்பவில்லை. உடனே ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டுச் சிறுவர்களுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கச் சொன்னார். அது பலித்தது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையைப் பிறகு மற்ற வகுப்புகளுக்கும் கொண்டுபோனார். நம்மூர்த் திண்ணையில் சட்டாம்பிள்ளை செய்த வேலை இது.

1797-இல் பெல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதைப் படித்தவர்கள் அவரவர் ஊருக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். ‘மெட்ராஸ் முறை’ என்றே அதற்குப் பெயர் வந்தது. இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்காக 1811-இல் தொடங்கிய தேசியக் கல்விச் சங்கம் இந்த முறையில்தான் பள்ளிகளை நடத்தியது, ஆசிரியர்களுக்கும் இதில் பயிற்சி கொடுத்தது. 1815-ஐ ஒட்டி இங்கிலாந்து வழியாகப் பிரான்சுக்கும் போய், அங்கே ‘ஒருவருக்கொருவர் கற்பித்தல்’ என்ற பொருளில் ஒரு பெயரைப் பெற்றது. சென்னைத் திண்ணையிலிருந்து கிளம்பியது பாரிஸ் வரை போயிருக்கிறது.

இதில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. அரசுக் கடிதம் எழுதியவர்களுக்குத் தெரியும்: ‘பொருள்’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘பார்வை’ என்று ஒரு வரி. எந்தக் கடிதத்தை, எந்த ஆணையை வைத்து இதை எழுதுகிறோம் என்று அங்கே குறிப்பிட்டாக வேண்டும். பெல்லின் கதையில் மெட்ராஸ் என்ற ஊர்ப்பெயர் பார்வையில் ஏறிவிட்டது. மணலைப் பரப்பி உட்கார்ந்திருந்த அந்தத் திண்ணை வாத்தியாரின் பெயர் ஏறவில்லை. இன்றைய திறந்த உரிமங்களில் முதல் நிபந்தனையே ‘யாரிடமிருந்து எடுத்தாயோ அவர் பெயரைச் சொல்’ என்பதுதான். 200 ஆண்டுகளுக்கு முன் அந்த நிபந்தனை இருந்திருந்தால் நமக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கும்.

பயணப்படிக் காலம்

சுதந்திரத்துக்குப் பிறகு ஆசிரியர்களுக்குத் தொலைவிலிருந்தே பயிற்சி கொடுக்க முடியுமா என்று நாடு பெரிய அளவில் முயன்று பார்த்தது 1975-இல். அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டிய ‘சைட்’ திட்டம் என் வயதொத்தவர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. ஊர்ப் பொதுத் தொலைக்காட்சியில் உழவும் நலவாழ்வும் காட்டினார்கள் என்பதுதான் பலருக்கும் தெரியும். அதே திட்டத்தில் சுமார் 50,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் நடந்தது. தொலைக்காட்சியில் பாடம், கையில் அச்சிட்ட குறிப்பு, உள்ளூரில் செய்முறைக்கு உதவ ஓர் ஆள் என்று மூன்றும் சேர்ந்த பயிற்சி. இன்றைய இணையப் பயிலரங்கின் தாத்தா என்று அதைச் சொல்லலாம்.

கல்லூரி ஆசிரியர்கள் விஷயத்தில் 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழகங்களில் ‘அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்’ வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் ஒன்று இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான்கு வார அறிமுகப் பயிற்சி, பிறகு அந்தந்தப் பாடத்தில் மூன்று வாரப் புத்தாக்கப் பயிற்சி. பதவி உயர்வுக்கு இவை கட்டாயம். ஆணை வந்தவுடன் பேராசிரியர் என் மேசைக்கு வருவார். “சார், ரிலீவிங் ஆர்டர் இன்னைக்கே போட்ருங்க, நாளைக்குக் காலையில அங்க ரிப்போர்ட் பண்ணணும்” என்பார். பெண் ஆசிரியர்கள் பாடுதான் பெரிய பாடு. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு மூன்று வாரம் விடுதியில் தங்க வேண்டும். சிலர் இதற்காகவே பதவி உயர்வைத் தள்ளிப் போட்டதும் உண்டு.

திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். முதலில் சைக்ளோஸ்டைல், பிறகு ஜெராக்ஸ். நல்ல நல்ல பேராசிரியர்களின் உரைக் குறிப்புகள். அந்தக் கட்டு பெரும்பாலும் துறை அலமாரியில் போய் உட்கார்ந்துவிடும். அவர்கள் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். அந்தக் குறிப்பை எடுத்து, நம் பிள்ளைகளுக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பெரியவர் எழுதியது, அதில் கை வைக்கக் கூடாது என்ற மரியாதை ஒரு பக்கம், அனுமதி இல்லையே என்ற தயக்கம் இன்னொரு பக்கம்.

எங்கள் அலுவலகத்தில் அப்படி இல்லை. புதிதாகச் சேர்ந்த எழுத்தர் முதலில் கற்றுக்கொள்வதே பழைய கோப்பிலிருந்து வரைவை எடுத்து, பெயரையும் நாளையும் மாற்றி, இந்த விஷயத்துக்குப் பொருந்தாத பத்தியை அடித்துவிட்டுப் புது வரைவு ஆக்குவதுதான். அதற்கு யாரும் யாரையும் திருட்டு என்று சொன்னதில்லை. அப்படித்தான் வேலை பழகினோம். ஆசிரியர்களுக்கு அந்த உரிமை காகிதத்தில் எழுதிக் கிடைக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

பொங்கல் நாளும் பாரிஸ் கூட்டமும்

தமிழர்கள் இந்த வழியில் முன்னாலேயே நடந்தவர்கள் என்பதைப் பெருமையாகவே சொல்லலாம். பாரதியாரின் படைப்புகளின் உரிமையை 1949-இல் ஓமந்தூரார் அரசு வாங்கியது. பிறகு அவை மக்களுக்கே பொதுவாயின. அதனால்தான் இன்று எந்தப் பதிப்பகமும் பாரதியைக் குறைந்த விலையில் அச்சிட முடிகிறது. ‘நாட்டுடைமை’ என்ற சொல்லே அந்த வழியில் நமக்குப் பழகியது.

1998 பொங்கல் அன்று ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இணையத்தில் ஏற்றும் பணி. பெயர்தான் மதுரை. தொடங்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் இருந்தது பிரெஞ்சு பேசும் சுவிட்சர்லாந்து நகரமான லோசானில். அவர் வேதியியல் அறிஞர். முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாரும் படியெடுத்துப் பரப்பலாம் என்பது அவர்கள் விதி. அந்த முகப்புப் பக்கத்தில் தட்டச்சு செய்தவர், பிழை பார்த்தவர் பெயர்களெல்லாம் இருக்கும். பார்த்தீர்களா, அங்கே ‘பார்வை’ விடுபடவில்லை!

அமெரிக்காவின் எம்.ஐ.டி. (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸில் இருப்பது) தன் பாடக் குறிப்புகள் அனைத்தையும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்கப் போவதாக 2001 ஏப்ரலில் அறிவித்தது. பல்கலைக்கழகங்கள் பாடங்களை விற்கத் தொடங்கியிருந்த காலம் அது. உலகம் வியந்து பார்த்தது. 2002 ஜூலையில் யுனெஸ்கோ பாரிஸில் ஒரு கூட்டம் நடத்தியது. வளரும் நாடுகளின் உயர்கல்விக்கு இவ்வகைப் பாடங்களால் என்ன பயன் என்று பேசிய கூட்டம். ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயர் பிறந்தது அங்கேதான். பிரெஞ்சில் அதை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? ‘கிராத்துயி’ என்ற சொல்லை அவர்கள் தொடவே இல்லை. ‘லீப்ர்’ என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமங்கள் வந்தன. தமிழில் இவற்றைப் படைப்பாக்கப் பொதுமங்கள் என்கிறார்கள். எடுக்கலாமா, மாற்றலாமா, விற்கலாமா என்பதை இரண்டு மூன்று எழுத்துகளில் சொல்லிவிடும் குறியீடு அது.

சென்னையிலிருந்து வந்த பாடம்

நம் பக்கத்தில் இந்த வேலையைப் பெரிதாகச் செய்தது என்.பி.டி.இ.எல். ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் பணத்தில் 2003-இல் தொடங்கிய திட்டம். இதில் முன்னின்றது சென்னை ஐ.ஐ.டி. அப்போது அதன் இயக்குநராக இருந்த எம்.எஸ். ஆனந்த் இதற்குப் பெரும் ஊக்கம் தந்தவர். பொறியியல் கல்லூரிகள் காளான் போல் முளைத்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. கட்டடம் எழுந்த வேகத்தில் ஆசிரியர் கிடைக்கவில்லை. நேற்று பி.இ. முடித்த பையன் இன்று வகுப்பில் பாடம் நடத்தினான். அவன் முதலில் தான் கற்றுக்கொள்ள, பிறகு மாணவருக்குக் காட்ட, ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் முழுப் பாடங்கள் காணொளியாகக் கிடைத்தன. 2014 முதல் தேர்வும் சான்றிதழும் உள்ள இணைய வகுப்புகளாகவும் அவை வந்தன. குறிப்பிட்ட பாடங்களை முடித்துத் தேறிய ஆசிரியருக்கு அதையே ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சியாக ஏ.ஐ.சி.டி.இ. ஏற்றுக்கொண்டது.

ஆனால் பார்ப்பது வேறு, பயிலரங்கு வேறு. அந்த இடைவெளியை நிரப்பியவர்களில் முக்கியமானவர் மும்பை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் தீபக் பாடக். மத்திய அரசு 2009 பிப்ரவரியில் திருப்பதியில் தொடங்கிவைத்த தகவல் தொழில்நுட்பவழிக் கல்வி இயக்கத்தின் கீழ், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பொறியியல் ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்தினார். பிறகு வந்த திட்டத்தின் பெயரே ‘பத்தாயிரம் ஆசிரியருக்குக் கற்பித்தல்’. பாடம் நேரலையில் போக உதவிய ‘ஏ-வியூ’ மென்பொருளை உருவாக்கியது, கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அம்ருதா பல்கலைக்கழகம்.

அந்தப் பயிலரங்கின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பல ஊர்க் கல்லூரிகளைத் தொலை மையங்களாக வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர். முதலில் அவர்களை மும்பைக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு முதன்மைப் பயிலரங்கு நாள்களில் மும்பையிலிருந்து உரை இணையத்தில் வரும். செய்முறையை அந்தந்த ஊர் மையத்தில், அந்த ஒருங்கிணைப்பாளரின் கண்பார்வையில் செய்வார்கள். ஆசிரியர்கள் செய்த பயிற்சிகள் உட்பட எல்லாப் பாடப்பொருளையும் திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள். சட்டாம்பிள்ளை முறைதானே இது! எழும்பூர் மணலும் மும்பைக் கணினியும் அதிக தூரத்தில் இல்லை.

அதே மும்பையில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யாவின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ இன்னொரு வழியைக் காட்டியது. சுமார் பத்து நிமிடக் காணொளிகள். ஒரு பக்கம் காணொளி ஓடும், இன்னொரு பக்கம் கற்பவர் அதை நிறுத்தி நிறுத்தித் தானே செய்து பார்ப்பார். குரலை மட்டும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு மாற்றினார்கள். திரையில் தெரிவது ஆங்கிலம், காதில் கேட்பது தமிழ். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு ஆங்கிலத் திரை பழக வேண்டும், புரிவதற்குத் தாய்மொழி வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. அங்கே கற்பிக்கும் மென்பொருள்களில் ஒன்று ‘லிப்ரே ஆஃபீஸ்’. பெயரிலேயே எங்கள் ‘லீப்ர்’ உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

சான்றிதழ் மழை

2017 ஜூலையில் ‘ஸ்வயம்’ தளம் வந்தது. படிப்பது இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். 2018 நவம்பரில் அதன் வழியாகக் கல்லூரி ஆசிரியர்களுக்கான ஆண்டுப் புத்தாக்கப் பயிற்சி ‘அர்பிட்’ தொடங்கியது. 75 தேசிய வள மையங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை. 40 மணி நேரப் பாடத்தில் பாதி காணொளி, மீதி படிப்பும் பயிற்சியும், முடிவில் ஒரு தேர்வு. பழைய மூன்று வாரப் புத்தாக்கப் பயிற்சிக்கு இது சமம் என்று ஏற்றுக்கொண்டார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போன அந்த ஆசிரியைகளை நினைத்துக்கொண்டேன். அவர்கள் காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனை பேர் நேரத்தோடு பதவி உயர்வு பெற்றிருப்பார்கள்!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ரயில்கள் நின்றன. கொடைரோடு நிலையம் அப்படி அமைதியாகக் கிடந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இணையத்தில் மட்டும் கூட்டம் நெரிந்தது. ஒவ்வொரு நாளும் எங்கோ ஓர் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி. ஒரு மணி நேர உரை, கடைசியில் ஒரு கூகுள் படிவம், நிரப்பினால் மின்னஞ்சலில் சான்றிதழ். நல்லவையும் நடந்தன. சான்றிதழுக்காகவே நடந்தவையும் உண்டு. வாட்ஸாப்பில் வந்த அழைப்பிதழ்களில் பெரிய எழுத்தில் இருந்த சொல் எது என்று நினைக்கிறீர்கள்? ‘கட்டணம் இல்லை’ என்பதுதான். அங்கே பார்த்த பாடத்தைத் தம் வகுப்புக்கு மாற்றி எடுத்துக்கொண்டு போகலாமா, கூடாதா என்று எந்த அழைப்பிதழிலும் நான் கண்டதில்லை.

யுனெஸ்கோ 2019 நவம்பரில் உறுப்பு நாடுகளுக்குத் திறந்த வளங்கள் பற்றி ஒரு பரிந்துரை ஆவணம் அளித்தது. அதில் ஐந்து பணிகள். கொள்கை வகுப்பது, தரம், நிலைத்தன்மை, நாடுகளிடை ஒத்துழைப்பு என்று வருகிறது. எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தது திறன் வளர்ப்பு. அதாவது, வளத்தைத் தேட, பயன்படுத்த, மாற்ற, புதிதாக ஆக்க மனிதர்களைப் பழக்குவது. பாத்திரம் எத்தனை கொடுத்தாலும் சமைக்கத் தெரிந்தவர் வேண்டும் அல்லவா?

நம் பக்கத்தில் ஒன்றைக் கட்டினால்

திண்டுக்கல் வண்டியில் ஏறினால் எங்கள் ஊருக்கு அடுத்த நிலையம் அம்பாத்துரை. இறங்கினால் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் நிறுவியது. கிராமிய நிறுவனம் 1956-இல் வந்து, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மாளவியா பெயரிலான மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் அங்கே கல்லூரி ஆசிரியர்களுக்கான மேம்பாட்டு மையமும் அமைந்தது. காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாரமே, ஆசிரியர் தம் ஊர்த் தொழிலையும் மண்ணையும் வைத்துத் தாமே பாடத்தை உருவாக்க வேண்டும் என்பதுதான். ஆகவே கட்டற்ற பாடம் என்ற கருத்து இந்த வட்டாரத்துக்கு அந்நியமானது இல்லை.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து 30 பொருளியல் ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் இணையப் பயிலரங்கு. கையில் பணம் இல்லை. எப்படிக் கட்டுவது?

முதலில் வளத்தைத் தேடப் போகக் கூடாது. ஐந்தாம் நாள் மாலையில் ஆசிரியர் என்ன செய்யக் கூடியவராக இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும். ‘தம் வகுப்புக்கு ஏற்ற ஒரு பாடத்தைத் திறந்த வளத்திலிருந்து தாமே ஆக்குவார்’ என்பது அந்த வரி. பிறகுதான் தேடல். தேவையும் வழங்கலும் பற்றி என்.பி.டி.இ.எல். பாடம் இருக்கிறது, எம்.ஐ.டி. பாடமும் இருக்கிறது. ஒரு மணி நேர உரையை முழுதாகப் போட்டால் தூக்கம் வரும், கைப்பேசியின் டேட்டாவும் தீர்ந்துவிடும். பத்து நிமிடம் போதும்.

இரண்டாவது, உரிமத்தைப் படிக்க வேண்டும். பல ஆசிரியர்கள் தாண்டிப் போகும் இடம் இதுதான். என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அனுமதி இல்லாமல் மறுபதிப்புச் செய்ய முடியாது. அது இலவசம், கட்டற்றது அன்று. என்.பி.டி.இ.எல். பாடத்தை மாற்றலாம், ஆனால் மூலத்தின் பெயரைச் சொல்லி, மாற்றியதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். எம்.ஐ.டி. பாடத்துக்கும் இதே நிபந்தனைகள் உண்டு, கூடவே வணிகத்துக்கு ஆகாது என்ற இன்னொன்றும் உண்டு. அதனால் இந்த இரண்டையும் ஒன்றாக அரைத்து ஒரே மாவாக்க முடியாது. ஒரே இலையில் கூட்டையும் பொரியலையும் தனித்தனியாக வைப்பதுபோல் அடுத்தடுத்து வைக்கலாம், அதற்குத் தடை இல்லை. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்கவே பயிலரங்கில் அரை நாள் ஒதுக்கலாம் என்பேன்.

மூன்றாவதுதான் உயிர்நாடி. அமெரிக்கப் பாடத்தில் ஆப்பிள் விலை ஏறி இறங்கும். அதை அடித்துவிட்டு நிலக்கோட்டைப் பூச்சந்தையை வைக்க வேண்டும். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் மல்லிகை என்ன விலை, மறுநாள் என்ன விலை, மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்தால் என்ன ஆகிறது என்பது அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வீட்டிலேயே தெரியும். அவர்கள் அப்பாவோ சித்தப்பாவோ பூப்பறிப்பவராக இருப்பார். ஆசிரியர் இந்தப் பாடத்தை எழுதும்போது பக்கத்து ஊர் ஆசிரியர் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையை வைத்து எழுதுவார். இருவரும் ஒருவருடையதை ஒருவர் படித்துத் திருத்த வேண்டும். இணையத்தில் நடக்கும் பயிலரங்கில் உரை கேட்பதைவிட இந்தத் திருத்தும் வேலைக்குத்தான் அதிக நேரம் தர வேண்டும்.

கடைசியாக, ஆக்கிய 30 பாடங்களையும் அவரவர் பெயரோடு, எடுத்த மூலத்தின் பெயரோடு, அதே திறந்த உரிமத்தில் இணையத்தில் வைத்துவிட வேண்டும். அடுத்த ஆண்டு தேனியிலோ யாழ்ப்பாணத்திலோ ஓர் ஆசிரியர் அதை எடுத்து மல்லிகைக்குப் பதிலாக ஏலக்காயையோ வெங்காயத்தையோ வைப்பார். பார்வையில் நம் நிலக்கோட்டை ஆசிரியையின் பெயர் இருக்கும். திண்ணை வாத்தியாருக்குக் கிடைக்காதது இவருக்குக் கிடைக்கும்.

எல்லாம் சரி, ஆசிரியருக்கு நேரம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவரிடம் பாடமும் ஆக்கு, பகிர்ந்தும் கொடு என்றால் எப்படி? அதனால்தான் பதவி உயர்வுக் கணக்கில் சான்றிதழ்களை எண்ணுவதுபோல், ஒருவர் ஆக்கிப் பகிர்ந்த பாடங்களையும் எண்ண வேண்டும் என்று நினைக்கிறேன். கோப்பில் ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும். அந்தப் பத்தி எத்தனை பேருடைய உழைப்பை மாற்றும் என்பது கோப்போடு வாழ்ந்தவனுக்குத் தெரியும்.

இதைப் படிக்கும் நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் மகளோ மருமகளோ பேரனோ கல்லூரியில் பாடம் நடத்துகிறவராக இருப்பார். அடுத்த முறை அவர் மடிக்கணினி முன் உட்கார்ந்து ஏதோ இணையப் பயிற்சியில் இருந்தால், காபி கொடுக்கும்போது ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: “சர்ட்டிபிகேட் கிடக்கட்டும் கண்ணு, இந்தப் பாடத்த ஒன் பிள்ளைகளுக்கு ஏத்த மாதிரி மாத்திக்க ஒனக்கு உரிமை இருக்கா?” பதில் தெரியவில்லை என்றால், பயிற்சி நடத்துகிறவரிடம் அவரே கேட்டு வரட்டும்.